உங்களுக்குத் தெரியுமா?

நான்கு கதவு ஹெரால்டு கார் உலகிலேயே சென்னையில் மட்டும்தான் தயாரானது! அதன் தாய்வீடான இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம்கூட இரண்டு கதவு ஹெரால்டோடு நின்றுவிட்டது.

• தயாரித்தது ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். 1948-ல் தொடங்கிய நிறுவனம். ஆலை வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில்.

• 1961-ல் வந்த ஹெரால்டு, அம்பாசடர், ஃபியட் கார்களோடு போட்டியிட்டது. அடிப்படை வடிவம் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்தது. நான்கு கதவுகள் நம் ஊர் சேர்க்கை.

• 1972-ல் ஹெரால்டின் புதுத் தோற்றமாக 'கெஸல்' வந்தது. 1977-ல் நின்றது.

• 1985-ல் கடைசி முயற்சி: ஸ்டாண்டர்டு 2000. வெளித்தோற்றம், 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்டி1. உள்ளேயோ, 1940களின் வேன்கார்டு காரிலிருந்து வந்த பழைய எஞ்சின். மக்கள் ஏற்கவில்லை. 1988-ல் உற்பத்தி முடிந்தது.

• ஆலை நின்ற இடத்தில் இன்று ஐ.டி. வளாகம்.

செந்துறையில் ரயிலேறிச் சென்னை செல்பவர்களே, தாம்பரத்துக்குச் சற்று முன் வரும் பெருங்களத்தூரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தமிழ்நாட்டின் முன்னோடிக் கார் ஆலை இருந்த ஊர் அது.