வெற்றுக் கோது கூறும் சான்று

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, யப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் ஹெக்டர், தெனெடோஸ் என்னும் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் இரண்டு மூழ்கின; வெள்ளவத்தைக்குத் தெற்கே இரத்மலானை வானில் விமானங்கள் பொருதின. அத்தகைய போரின்பின் மண்ணில் எஞ்சும் பித்தளைக் கோது எவர் பீரங்கியினின்று வீழ்ந்தது என எங்ஙனம் அறிவது?

முதலில் அடிவிளிம்பை நோக்குதல் வேண்டும். பெரும்பாலான கோதுகளில் விளிம்பு உடலின் அளவை ஒத்தோ மிஞ்சியோ இருக்கும். சீரோ விமானத்தின் 20 மில்லிமீற்றர் பீரங்கிக் கோதிலோ அது உடலினும் சிறுத்திருக்கும். அதற்குக் காரணம் உண்டு. சுவிற்சலாந்தின் ஒயர்லிக்கன் முறையில் அமைந்த அப்பீரங்கியில் அடைப்பு பூட்டப்படுவதில்லை. அது முன்னோக்கி ஓடும்போதே தோட்டா வெடிக்கின்றது. அடைப்பின் பாரமும் வேகமுமே வெடியின் பின்தள்ளலைத் தாங்குகின்றன. கோதைப் பற்றிய கொக்கியும் உடன்சென்று மருந்தறைக்குள் நுழையவேண்டியிருப்பதால் விளிம்பு சிறியதாக்கப்பட்டது.

ஆயினும் இவ்வடையாளம் ஒன்றே போதாது. பிரித்தானியக் கப்பல்களிற் பொருத்தப்பட்ட ஒயர்லிக்கன் பீரங்கியின் கோதும் சிறுத்த விளிம்புடையதே. ஆனால் அதன் நீளம் 110 மில்லிமீற்றர்; சீரோவினதோ 72. ஆகவே விளிம்பைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறாது, அளவுகோலையும் எடுத்தல் வேண்டும். அடியிற் பொறித்த குறிகள் எஞ்சிய ஐயத்தைப் போக்க உதவும்.

இவையெல்லாம் வெற்றுக் கோதுக்கே பொருந்தும். முனையிற் குண்டு பொருந்தியிருப்பின் ஆராய்ச்சி வேண்டா. எண்பது ஆண்டு மண்ணிற் கிடந்தாலும் அதன் மருந்து உயிருடன் இருக்கலாம். தொடாது விலகிப் பொலிசாருக்கு அறிவித்தலே அறிவுடைமை.