சிற்றுருவப் படைகளின் சீருடை நிறத் தெரிவு

சீருடை நிறத் தெரிவு என்பது, வரலாற்றுப் போர்களை மேசைமேல் ஆடும் சிற்றுருவப் போர் விளையாட்டில், உலோகத்தாலோ நெகிழியாலோ ஆன படைவீரர் உருவங்களுக்கு ஏற்ற நிறங்களைத் தீர்மானிப்பதாகும். எச். ஜி. வெல்சு 1913 இல் வெளியிட்ட லிட்டில் வார்சு இவ்விளையாட்டின் முன்னோடி நூல்களுள் ஒன்று.

சான்றின் காலம்

நிறம் தேர்வதற்கு முன், எந்தப் போர், எந்த ஆண்டு என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். காஞ்சிபுரத்துக்கு அருகே 1780 செப்டம்பர் 10 இல் நடந்த புள்ளலூர்ப் போர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இப்போரில் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். சிறீரங்கப்பட்டணத்தில் 1784 இல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இக்காட்சி தீட்டப்பட்டுள்ளது. அதில் கம்பனி வீரர்கள் சிவப்புச் சட்டையுடன் சதுர அணிவகுப்பில் நிற்க, பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார்.

எனினும், இவ்வோவியம் சிதைந்து, 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் டல்ஹவுசி பிரபுவின் காலத்தில் மீண்டும் தீட்டப்பட்டது. ஆகவே, சட்டைக் கைமடிப்பின் நிறம் போன்ற நுண்விவரங்களுக்கு இதை மட்டுமே 1780 ஆம் ஆண்டுச் சான்றாகக் கொள்ள இயலாது.

திப்புவின் காலாட்படைக்குரியதாக அறியப்படும் புலிவரிச் சட்டைக்கும் இது பொருந்தும். திப்பு ஆட்சிக்கு வந்தது 1782 இன் இறுதியில். 1792, 1799 ஆம் ஆண்டுகளின் சிறீரங்கப்பட்டண முற்றுகைகளுக்கு அச்சட்டை ஏற்றது. ஐதர் ஆட்சியில் நடந்த புள்ளலூர்ப் போருக்குத் தனிச் சான்று வேண்டும்.

சாயமும் துணியும்

ஆவணத்தில் "சிவப்பு" என்று இருப்பது ஒரே நிறத்தைக் குறிப்பதில்லை. அக்காலப் பிரித்தானியப் படையில் அதிகாரிகளின் சட்டைக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து பெற்ற ஒளிர்சிவப்பும், வீரர்களின் சட்டைக்கு மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து பெற்ற மலிவான மங்கல் சிவப்பும் பயன்பட்டன. வெயிலிலும் மழையிலும் இவை மேலும் வெளிறின. எனவே ஒரே அணியைச் சேர்ந்த உருவங்களிடையே சிறிய நிற வேறுபாடு இருப்பது இயல்பே. கழுத்துப்பட்டை, கைமடிப்பு ஆகியவற்றின் நிறமே படைப்பிரிவுகளை வேறுபடுத்தியது என்பதால் அதில் கூடுதல் கவனம் தேவை.

28 மில்லிமீட்டர் அளவிலான உருவத்தில் நிறங்கள் உண்மையினும் கருமையாகத் தோன்றும். ஆகையால் சற்று வெளிர் நிறம் பூசுவது வழக்கம்.

சான்று இல்லாதவிடத்து

சீருடை இல்லாத துணைப்படைகளுக்குச் சாயமிடாத பருத்தியின் வெண்மை பாதுகாப்பான தெரிவாகும். ஊகித்துப் பூசிய நிறத்தை ஊகம் என்றே குறித்துவைத்தல் வேண்டும். இல்லையேல், ஒருவர் ஊகித்த நிறம் அடுத்தவருக்குச் சான்றாகிவிடும்.