பகிர்ந்தோம், யாரிடமும் சொல்லவில்லை

2022ஆம் ஆண்டு, நான் உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ் வகுப்புக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஆண்டிறுதித் தேர்வுக்கு முந்தைய இரவு, தோழன் ஒருவன் அதில் எழுதினான்: “நாளைக்கு யாரும் ஸ்கூலுக்கு வராதீங்க. எல்லாரையும் சுட்டுத் தள்ளப் போறேன்.”

சிங்கப்பூரில் துப்பாக்கிக்கு அவன் எங்கே போவான்? சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். அதோடு நிற்கவில்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறு பள்ளியில் படிக்கும் நண்பர்கள் இருவருக்கு அனுப்பினேன்.

விடிவதற்குள் அந்தப் படம் பெற்றோர் சிலரின் கைப்பேசிகளுக்குப் போய்விட்டது. காலையில் பள்ளி வாசலில் காவல்துறை கார் நின்றது. தேர்வு தாமதமாகத் தொடங்கியது. தோழன் அலுவலகத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். விசாரணைக்குப் பிறகு கடுமையாக எச்சரித்து அவனை விட்டார்கள். பள்ளி ஆலோசகரைச் சில வாரங்கள் அவன் சந்திக்க வேண்டியிருந்தது.

அந்த வார இறுதியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வசிக்கும் என் சித்தி மகளிடம் காணொளி அழைப்பில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“உனக்கு அது ஜோக். எங்களுக்கு அப்படி இல்லைக்கா,” என்றாள்.

அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி பற்றி அவள் சொன்னாள். அன்று நாடு முழுவதும் பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடக்கும் என்ற செய்தி டிக்டாக்கில் பரவியது. நம்பத்தகுந்த மிரட்டல் எதுவும் இல்லை என்று அதிகாரிகள் அறிவித்தனர். மிரட்டல் தன் தளத்தில் தொடங்கியதற்கான சான்று இல்லை என்றும், அதைப் பற்றி எச்சரிக்கும் காணொளிகளே பரவின என்றும் டிக்டாக் கூறியது. ஆனாலும் கலிஃபோர்னியா, மினசோட்டா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் சில பள்ளிகள் அன்று மூடப்பட்டன. சித்தி அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவளைப் பயமுறுத்தியது யாரோ ஒருவரின் மிரட்டல்கூட அல்ல, அக்கறையோடு பகிர்ந்தவர்களின் கைகள்தான்.

அதன்பிறகு இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, மாநில எல்லை தாண்டி ஒருவரைத் தாக்கப்போவதாக மிரட்டல் அனுப்பினால் ஐந்தாண்டு வரை சிறை. ஃபுளோரிடா மாநிலத்தில், கொலை மிரட்டலையோ கூட்டத்தைச் சுடப்போவதாக மிரட்டலையோ எழுதி அனுப்பினால் 15 ஆண்டு வரை சிறை. கையில் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பதில்லை.

“சும்மா சொன்னேன்” என்றால்? இதுபோன்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023ல் ஒரு வழக்கில் எடுத்துக்கொண்டது. தன் சொற்கள் பிறருக்கு மிரட்டலாகத் தெரியும் என்ற அபாயத்தை அறிந்திருந்தும் ஒருவர் பொருட்படுத்தாமல் பேசினால், அதுவே தண்டிக்கப் போதுமானது என்று அது கூறியது.

2024 செப்டம்பரில் ஜார்ஜியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்து பல மாநிலங்களில் பள்ளி மிரட்டல்கள் பெருகின. ஃபுளோரிடாவின் வொலூசியா வட்டாரக் காவல் தலைவர், கைதான 11 வயதுச் சிறுவனின் படத்தையே வெளியிட்டார். பெற்றோருக்குப் புத்தி வரட்டும் என்றார். சிலர் பாராட்டினர். குழந்தையை ஊரறிய அவமானப்படுத்துவதா என்று சிலர் எதிர்த்தனர்.

நம் நாட்டுச் சட்டமும் மென்மையானது அல்ல. அச்சுறுத்தும் நோக்கத்தோடு கொலை மிரட்டல் விடுத்தால் சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டப்படி பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம்.

தகவல் போய்ச் சேர்ந்தால்தான்

ஆனால், சட்டம் தண்டிப்பதற்கு முன் யாராவது சொல்ல வேண்டும், சொன்னதை யாராவது கேட்க வேண்டும். 2018 பிப்ரவரி 14ஆம் தேதி ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் நகரப் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டனர். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே, தாக்கியவனை நன்கு அறிந்த ஒருவர் எஃப்பிஐ அமைப்பைத் தொலைபேசியில் எச்சரித்திருந்தார். அந்தத் தகவல் மயாமி அலுவலகத்துக்குப் போகவே இல்லை.

அமெரிக்க ரகசியச் சேவைப் பிரிவும் கல்வித்துறையும் 2002ல் வெளியிட்ட ஆய்வு 37 பள்ளித் தாக்குதல்களை அலசியது. அவற்றில் 81 விழுக்காட்டுச் சம்பவங்களில், குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே ஏதோ தெரிந்திருந்தது. பெரும்பாலும் அவர்கள் நண்பர்கள், சக மாணவர்கள், உடன்பிறந்தவர்கள்.

இதனால்தான் வர்ஜீனியா மாநிலம் 2013ல், அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் மிரட்டலை மதிப்பிடும் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நிர்வாகம், கற்பித்தல், ஆலோசனை, காவல் ஆகிய நான்கு துறைகளையும் அறிந்தவர்கள் அதில் இருப்பார்கள். கோபத்திலோ விளையாட்டாகவோ உதிர்ந்த சொல்லா, உண்மையான திட்டமா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். முதல் வகையில் மன்னிப்பும் பேச்சும் போதுமானதாக இருக்கலாம். இரண்டாவதில் காவல்துறை, பாதுகாப்பு ஏற்பாடு, மனநல உதவி எல்லாம் சேர்கின்றன. இரண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இந்த மாணவருக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது?

எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கடந்த ஆண்டு அந்தத் தோழனை ஓர் உணவங்காடி நிலையத்தில் பார்த்தேன். இருவரும் இப்போது வெவ்வேறு பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் படிக்கிறோம். தேநீர் வாங்கி உட்கார்ந்தோம். பேச்சு எப்படியோ அந்த இரவுக்குப் போனது. அன்று அவன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிரிவதென்று முடிவாகியிருந்ததாம்.

“யாராவது ‘என்னடா ஆச்சு?’ன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். எல்லாரும் சிரிச்சீங்க,” என்றான்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை வெளியே அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி என்று அன்றுதான் அவனிடம் சொன்னேன். “தெரியும்,” என்றான். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவன் எழுதியது தவறு. சட்டத்தின் முன் அவன் தப்பியது அவனுடைய அதிர்ஷ்டம். நான் செய்ததும் தவறுதான். அந்தப் படத்தை நண்பர்களுக்கு அனுப்பிய அதே நிமிடத்தில் வகுப்பாசிரியருக்கு அனுப்பியிருக்கலாம். அவனைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கலாம். காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்று தயங்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

உங்கள் குழுவில் அப்படி ஒரு வரி வந்தால், தயவுசெய்து பரப்பாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பெற்றோரிடமோ காட்டுங்கள். ஆபத்து உடனடியாகத் தெரிந்தால் 999 எண்ணை அழையுங்கள். விளையாட்டா வினையா என்று முடிவு செய்யும் சுமையை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. எழுதியவர் உங்கள் நண்பர் என்றால், பிறகு அவரிடம் போய் உட்காருங்கள்.