பட்டத்துக்குப் பின் பேரேடு

நல்லூர், விருத்தாசலம் பகுதிகளில் பௌதிகமோ தாவர சாஸ்திரமோ பயின்று பட்டம் பெற்ற இளைஞர் சிலர், பின்னர்க் கணக்குத் துறையை நாடுகின்றனர். “மூன்றாண்டுப் படிப்பு வீண்தானா?” எனப் பெற்றோர் கலங்குகின்றனர். வீணன்று என்பதே நமது கருத்து.

1949-ல் நிறுவப்பெற்ற பட்டயக் கணக்காளர் கழகம், வணிகம் பயிலாத பட்டதாரியையும், 60 சதவீத மதிப்பெண் இருப்பின், நேரே இடைநிலை வகுப்பில் ஏற்கிறது. வணிகம் பயின்றார்க்கு 55 போதும். ஆயின் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியிற் கிடைப்பது சிறு உதவித்தொகையே. குடும்பம் அதுவரை தாங்குமா என்பதை முதற்கண் எண்ணுதல் வேண்டும்.

மதிப்பெண் குறைந்தோர் மனந்தளர வேண்டா. அடக்கவிலைக் கணக்காளர் கழகத்தின் இடைநிலையில் சேர அவ்வரம்பு இல்லை. அதில் தேறினால் முன்சொன்ன கழகத்தின் இடைநிலைக்கும் வழி திறக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் சில கோப்பைகள் விரிசலுறும். அந்த நஷ்டத்தை நல்ல கோப்பைகளின் விலையில் எவ்வளவு ஏற்றுவது? இத்தகைய கேள்விகளே அக்கல்வியின் சாரம். களிமண்ணின் இயல்பும் வெப்பத்தின் போக்கும் அறிந்த விஞ்ஞானப் பட்டதாரிக்கு அவை எளிதில் விளங்கும்.

சுதந்திரப் போரில் ஈடுபட்டு, வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்த பின்னரே ரா. சிவபோகம் இத்துறை புகுந்தார். 1933-ல் தேறி, இந்நாட்டின் முதற் பெண் கணக்காளராக விளங்கினார். பிந்திப் புறப்பட்டோர்க்கும் பாதை உண்டு, வேண்டுவது பொறுமையே.