அருவியில் போன சோப்பு எங்கே போச்சு?

சுட்டிகளே, சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலம் போகாமல் இருப்பீர்களா? மாட்டீர்கள்! ஆனால் அங்கே எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதையும் தேய்த்துக் குளிக்கக் கூடாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தடை போட்டிருக்கிறது.

"அருவிதான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறதே, பிறகென்ன?" என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் இதை யோசிக்காமலே ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறார்கள்.

முதலில் ஒரு சோதனை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே மிளகுத்தூளைத் தூவுங்கள். மிதக்கிறதா? இப்போது விரல் நுனியில் துளி சோப்பைத் தொட்டு, தட்டின் நடுவில் வையுங்கள்.

அட! மிளகுத்தூள் முழுக்க ஓரத்துக்கு ஓடிவிட்டது!

தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் தண்ணீரின் மேற்பரப்பு விறைப்பாக இருக்கும். இதைத்தான் பரப்பு இழுவிசை என்பார்கள். சோப்புத் துகளோ பட்டம் மாதிரி. அதற்குத் தலையும் உண்டு, நீள வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். அழுக்கு போவது இதனால்தான். வால் அழுக்கைப் பற்றிக்கொள்ளும், தலையைத் தண்ணீர் இழுத்துப் போகும். இதே சோப்பு தண்ணீரின் பிடியையும் தளர்த்திவிடும். நடுவில் பிடி தளர்ந்ததும் ஓரத்துத் தண்ணீர் மிளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு தடவை செய்து பாருங்கள், அவசரமே இல்லை.

குளத்தில் நீளக் கால்களை ஊன்றிச் சறுக்கிப் போகும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்த விறைப்பான மேற்பரப்புதான் அதற்குத் தரை. சோப்பு அதிகமானால் அது மூழ்கிவிடும். மீனுக்கும் கஷ்டம்தான். அதன் செவுளைக் காக்கும் வழவழப்பான படலத்தைச் சோப்பு அரித்துவிடும்.

அடுத்து, எண்ணெய். பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற விஞ்ஞானி லண்டன் பக்கம் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான் ஊற்றினார். அது பரவிப் பரவி அரை ஏக்கரில் அலையை அடக்கிவிட்டது! 1774இல் அதைப் பற்றிக் கட்டுரையே வெளியிட்டார். அரை ஏக்கர் என்றால் 50 சென்ட் வயல். அந்தப் படலத்தின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் இரண்டு மூன்று பங்குதான்.

குற்றாலப் பேரருவியின் வேகத்தில் அப்படிப் படலம் நிற்காது, வாஸ்தவம். ஆனால் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமா? அருவித் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசி வழியே போகிறது. வழியில் அணைக்கட்டுகள் அதில் ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பிக் குளங்களுக்கு அனுப்புகின்றன. மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. குளத்துக்குப் போன தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும். எண்ணெய்க்கு அந்த இடம் போதும். மேலே படர்ந்து, காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிடும்.

ஆக, அருவி அடித்துக்கொண்டு போனதெல்லாம் கீழே யாரோ ஒருவருடைய வயலுக்கும் மாட்டுக்கும் மீனுக்கும்தான் போய்ச் சேர்கிறது.

மிளகுத்தூள் தட்டைக் கொட்டிவிட்டீர்களா? தேய்க்காமல், அதில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவுங்கள். சோப்பு விரலை வையுங்கள். முதல் தடவை ஓடியது போல ஓடுகிறதா? இல்லையென்றால் இன்னொரு முறை அலசிப் பாருங்கள். ஒரே ஒரு துளி சோப்புதான் வைத்தோம். எத்தனை முறை அலசிய பிறகு மிளகுத்தூள் பழையபடி ஓடியது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.