உடலினுள் ஒரு நாழிகை வட்டில்

போடிநாயக்கனூரை அடுத்துள்ளது இராசிங்காபுரம். மேற்கே மலைத்தொடர் மதிலென நிற்றலின் அவ்வூரில் ஞாயிறு விரைந்து மறையும். மாலை வந்ததும் புளியமரம் இலைகளைக் கூப்பும், காகங்கள் கூடடையும். ஏலத்தோட்டங்களில் வேலை செய்தோர் மலையினின்று இறங்கி வீடு திரும்புவர். உலகம் ஒடுங்கும் அவ்வேளையில் நம் உடலும் ஒடுங்கத் தொடங்குகின்றது. உடலுக்கு நேரம் அறிவிப்பது யாது?

புறத்தேயுள்ள இருளே என்பர் சிலர். அஃது உண்மையில் ஒரு பாதியே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் இதனை ஆராய்ந்தார். பகலிரவு தெரியாத, கடிகாரமும் இல்லாத தனியிடத்தில் மாந்தர் பல நாள் தங்கினர். ஆயினும், உறக்கமும் விழிப்பும் அவர்களிடம் மாறிமாறி வந்தன. அம்முறை 24 மணி நேரத்தினின்று விலகிற்றேயன்றி அழிந்திலது. எனவே, நாழிகை வட்டில் ஒன்று உடலினுள்ளேயே உண்டு என்பது தெளிவு. மூளையின் அடியில், கண் நரம்புகள் கூடுமிடத்திற்குச் சற்று மேலேயுள்ள நரம்பணுத் திரளே அது. கதிரொளி நாள்தோறும் அதனைத் திருத்தி வைக்கின்றது.

அவ்வட்டில் காட்டும் நேரத்தை நாம் அறிவது எங்ஙனம்? மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆரன் லெர்னரும் அவர் குழுவினரும் மாட்டின் பினியல் சுரப்பிகளினின்று இதனைப் பிரித்தெடுத்தனர். பகலில் மிகக் குறைந்திருக்கும் இந்நீர், உறங்கும் வேளைக்கு முன் உயர்ந்து, நள்ளிரவை அடுத்து மிகுந்து, விடியலில் தணியும்.

இஃது உமிழ்நீரிலும் கலத்தலின், சிறுவரை ஊசியால் வருத்த வேண்டுவதில்லை. மாலையில் அவர்களை மங்கிய ஒளியுள்ள அறையில் இருத்தி, அரைமணிக்கு ஒருமுறை பஞ்சினை மெல்லச் செய்து, ஊறிய உமிழ்நீரைச் சேர்ப்பர். ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் மெலடோனின் 3 அல்லது 4 பிகோகிராம் அளவைக் கடக்கும் நேரமே உடலின் இரவு தொடங்கும் நேரம் எனக் கொள்வர். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்கு செய்தால், அதில் ஒரு பங்கே பிகோகிராம்!

அறை மங்கியிருப்பது ஏன்? ஒளி பட்டால் சுரப்புத் தடைபடும். சிறுவரின் கண்பாவை அகன்றது, கண்வில்லை தெளிந்தது, ஆதலின் அவர்க்கு இத்தடை பெரிது. அமெரிக்காவின் கொலராடோவில், 3 முதல் 5 அகவையுடைய குழந்தைகள் பதின்மரை உறங்குமுன் ஒருமணி நேரம் பேரொளியில் இருக்கச் செய்தனர். மெலடோனின் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு குறைந்தது. ஒளி நீங்கி 50 நிமிடம் சென்ற பின்னும் பெரும்பாலோர்க்கு அது மீளவில்லை. இவ்வாய்வு 2018இல் வெளிவந்தது. மேலும், குமரப் பருவத்தில் இவ்வட்டில் இயல்பாகவே பின்தங்குவதுண்டு.

பெற்றோர் விடியுமுன் ஏலமலைக்குப் புறப்படும் வீட்டில் பிள்ளையும் உடன் எழும். இரவிலோ தொலைக்காட்சியும் கைப்பேசியும் அதன் கண்முன் ஒளிரும். இருபுறமும் துயில் தேய்கின்றது. யான் ஆசிரியனாயிருந்த நாளில், முதற் பாடவேளையில் கண்ணயர்ந்த மாணவரைச் சோம்பர் எனக் கடிந்ததுண்டு. அவருட் சிலர்க்கு உடலின் இரவு அப்போதும் விடிந்திராது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

மாணவர்களே! அந்தியில் விளக்கைத் தணியுங்கள். காலையில் கதிரொளியில் சிறிது நேரம் நில்லுங்கள். உள்ளிருக்கும் வட்டிலை நாம் பேணினால், அது நம்மைப் பேணும்.