கூதிர்காலக் கைவினை

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் உடையது. இன்று அது பீங்கான் தொழிலாலும் புகழ் பெற்று விளங்குகின்றது. நவராத்திரியில் இவ்வூர்ப் பொம்மைகள் கொலுப்படிகளை அணிசெய்யும்.

அவை உருவாகும் வகை வியப்புக்குரியது. மண்ணை நீரிற் கரைத்துக் குழம்பாக்கிப் பாரிஸ் சாந்தினால் இயன்ற அச்சில் வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்சவே, அதன் உட்புறத்தில் மண் ஏடாகப் படியும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளீடற்ற உருவம் கிடைக்கும். அதனை உலர்த்தி, 1,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுடுவர்.

அச்சில் வார்த்தவை ஒன்றுபோல் ஒன்று அமையும். கையாற் பிடித்ததற்கோ இணை வேறில்லை. ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிர்காலத்தில், மழை வெளியே செல்லவொட்டாது தடுக்கும் மாலைப்பொழுதில், மாணவர்க்கு ஒரு பிடி களிமண்ணே போதும். கல்லும் வேரும் களைந்து, காற்றுக்குமிழ் இல்லாதவாறு பிசைந்து, யானை ஒன்று செய்க. மெல்லிய துதிக்கை முதலில் உலர்ந்து சுருங்கும். பருத்த உடலோ பின்னரே உலரும். இவ்வேறுபாட்டால் விரிசல் உண்டாகும். ஈரத்துணி போர்த்து, நிழலிற் பல நாள் வைத்து உலர்த்துவதே தக்க வழி. பொறாது வெயிலில் வைத்த பிள்ளையின் யானை துதிக்கை இழந்து நிற்கும்!

சுடாத மண் நீர்பட்டால் மீண்டும் சேறாகும். ஆதலின் வீட்டில் செய்த பொம்மையைச் சாரல் படாத மாடத்தில் வைத்தல் வேண்டும். உடைந்துபோனதை ஊறவைத்துப் பிசைந்து, அதே மண்ணால் மறுநாள் ஒரு கிளி செய்துகொள்ளலாம்.